நெஞ்சு உயரத்தில் இரும்பு

பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே இராசாத்திக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல்லை அவள் பெற்ற பிள்ளையே பள்ளிக்கூடத்திலிருந்து காவிக்கொண்டு வந்த அன்று, அவள் குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்கட இலுப்பை மரம் ஏன் இவ்வளவு காலம் சாகாம நிக்கிதெண்டு தெரியுமா? அதுக்குப் பொறுமையாம். வெயில், மழை, புயல், ஆக்கள் கொத்துறது எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு நிக்கிதாம். நாங்களும் அப்படி இரிக்கணுமாம். சீனித்தம்பி சேர் சொன்னவர்."

"சேருக்கு வேற வேலை இல்ல," என்றாள் இராசாத்தி. "பொறுமையாம் கிறுமையாம்."

ஏழு வயதுத் தவமலர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சேரைப் பற்றி யாரும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

பிள்ளை என்ன செய்வாள், பாவம். இந்த ஊரில் ஏழு வருடமாக எல்லாரும் இராசாத்திக்கு ஓதிவந்தது அந்த ஒரு சொல்லைத்தான். கோயில் ஐயர் சொன்னார். ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் சொன்னார். அவளோடு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு இப்போது வங்கியில் உத்தியோகம் பார்க்கிறவள் பஸ்ஸில் கண்டு, கையைப் பிடித்துச் சொன்னாள். எல்லாருக்கும் மேலாக அவளுடைய அண்ணன் கனகசிங்கம் சொன்னான். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போனது. பொறுமையாக இரு என்று ஒருவர் சொன்னால் அதற்கு வாயை மூடு என்றுதான் பொருள் என்பது அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

அவள் கையைக் கழுவி, கத்தியை எடுத்துக்கொண்டாள். "வா," என்றாள். "அது எப்படி உசிரோட நிக்கிதெண்டு நான் காட்டுறன்."

இலுப்பை மரம் வீட்டு வளவின் பின்பக்கம், வாவி ஓரமாக நின்றது. அதன் வயது ஒருவருக்கும் தெரியாது. நாலு பேர் கைகோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. ஒரு பக்கம் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. அப்படியிருந்தும் வருடம் தவறாமல் பூத்துக் காய்த்து, கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தது.

இராசாத்தி வேர்ப்பக்கமாக ஓரிடத்தில் பட்டையை நகத்தளவு சீவினாள். உள்ளே ஈரமாக, பச்சையும் வெள்ளையுமாக ஒரு மெல்லிய படை தெரிந்தது.

"தொட்டுப் பார். மரத்திட உசிர் இந்தத் தோலுக்குக் கீழதான் ஓடுது. இதுக்கு உள்ள இரிக்கிறதில கனக்கச் செத்த மரம்."

"செத்ததா? இவ்வளவு பெரிய மரமும்?"

"ஓம். அந்தக் காலத்தில உசிரோட இருந்து செத்தது. அதுதான் மரத்தை நிமிர்த்தி வெச்சிருக்கு. உள்ள கொஞ்சம் உக்கிப் பொந்து விழுந்தாலும் தோல் இரிக்கிற மட்டும் மரம் சாகாது. நமக்கு நெஞ்சில ஒரு குத்து விழுந்தா முடிஞ்சுது. மரத்துக்கு அப்படி ஒரு இடமில்ல. கொப்பு போனா மற்றக் கொப்பு. அடியோட தறிச்சாலும் சில மரம் வேரில இருந்து வரும்."

தவமலர் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப கொத்தின காயமெல்லாம் மாறிருமா?"

"மாறாது." இராசாத்தியின் குரல் தடித்தது. "நமக்குத்தான் காயம் ஆறும். மரத்துக்கு ஆறாது. காயம் பட்ட இடத்தைச் சுத்தி அது மதில் கட்டிப்போடும், நஞ்சு மற்ற இடத்துக்குப் போகாம. மறுகா மேலால புதுசா வளந்து மூடும். வெளியால பார்த்தா ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ள பட்டது பட்டபடி கிடக்கும். நூறு வருசம் போனாலும் கிடக்கும். இதுக்குப் பேரா பொறுமை? போய் உங்கட சேரிட்டச் சொல்லு."

பிள்ளை மரத்தைச் சுற்றி வந்தாள். வாவியைப் பார்த்த பக்கத்தில் நின்று, அண்ணாந்து கையை நீட்டினாள். அவள் தலைக்கு மேலே, பட்டை மூன்று இடத்தில் உதடு குவித்ததுபோலப் புடைத்திருந்தது.

"அப்ப இதுக்குள்ளயும் ஏதோ கிடக்கா அம்மா?"

இராசாத்தி கத்தியைச் சேலையில் துடைத்தாள். "ஆணி," என்றாள். "பேய் ஓட்டுறவங்க அடிச்ச ஆணி."

"மரம் வளரக்குள்ள ஆணியும் மேல மேல போயிருக்கும் என்ன?"

"போகாது. மரம் நுனியிலதான் உசரும். அடிமரம் தடிக்கும், உசராது. அடிச்ச உசரத்திலதான் எண்டைக்கும் நிக்கும்."

பிள்ளை அந்தப் புடைப்புகளையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்த ஆள் நல்ல உசரம்," என்றாள்.

"ஓம். நல்ல உசரம்."

அதைச் சொல்லிவிட்டு இராசாத்தி வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மரத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு வந்த வாய், கடைசியில் வந்து நின்ற இடத்தைப் பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஊரைச் சுற்றி வளைத்தபோது, வலையோடு கரையேறிய நல்லரத்தினத்தை இந்த மரத்தில் சாய்த்து நிறுத்தித்தான் சுட்டார்கள். சீருடை போட்டவர்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இராசாத்தி கிடுகு வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்த வாயெடுத்தவளைக் கனகசிங்கம் பின்னால் வந்து வாயைப் பொத்திப் பிடித்தான். அந்தக் கையை அவன் இன்றுவரை எடுக்கவில்லை.

பொழுது படும்போது அவனும் இன்னும் இரண்டு பேருமாக உடலை வாவிக்கரை மணலில் தாட்டார்கள். பறை இல்லை. எட்டுச் செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் கிரியையும் இல்லை. சுடப்பட்டவன் வீடு என்று தெரிந்தால் புலி வீடு என்பார்கள், நாளைக்கு உன்னையும் கொண்டுபோவார்கள் என்று சொல்லி, மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று அவனே கதை கட்டினான். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த பெரிய மனிதர்களிடமும் அதையே சொன்னான். ஊர் தலையாட்டியது. கட்டாரில் புருசன் இருக்கிறவள் பொட்டில்லாமல் திரியலாமா? ஆகவே இராசாத்தி காலையில் எழும்பி, செத்தவனுக்காகக் குங்குமப் பொட்டு வைத்தாள். ஒவ்வொரு நாளும் வைத்தாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் இராணுவ முகாம் வாசல். அங்கே தடையில் நிற்கிற, கொஞ்சம் தமிழ் பழகிய சிப்பாய் ஒருவன் பிள்ளையைக் கண்டால் சிரிப்பான். "பாப்பா, அப்பா எங்க?" என்பான். இராசாத்தி மகளின் கையை அழுத்துவாள். "கட்டார்ல," என்பாள் தவமலர். பிள்ளை அதை வாய்ப்பாடுபோல் சொல்லப் பழகியிருந்தாள். உண்மையென்றே நம்பியும் இருந்தாள்.

அன்று பின்னேரம் கனகசிங்கம் வந்தான். முற்றத்தில் நின்றபடியே சொன்னான்.

"நாளைக்கு இலுப்பையைத் தறிக்கிறாங்க. முகாம் காவல் கோபுரத்தில இருந்து பார்த்தா வாவி தெரியுதில்லையாம், அக்கரையில இரிக்கிற படுவான்கரையும் தெரியுதில்லையாம். நான் ஓமெண்டு சொல்லிட்டன்."

"யாருட மரத்துக்கு யார் ஓம் சொல்லுற?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேள்வி சுட்டிருக்கும். இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து பெண்பிள்ளைக்குத்தான் வரும். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். கனகசிங்கமும் அப்படிப் போனவன்தான். இந்த வளவில் ஒரு தென்னங்கன்று நடுவதற்குக்கூட அவன் தங்கச்சியிடம் கேட்க வேண்டும்.

"சொல்லாம என்ன செய்ய? மாட்டேனெண்டா விடுவாங்களா?" என்றான் கடைசியில். "ஏறாவூர் அப்துல் கபூர் மரம் அரியிற வாளோட வாறார். மரத்துக்குள்ள இரும்பு இரிக்கா எண்டு ஆள் விட்டுக் கேட்டவர். இல்லையெண்டு சொல்லிவிட்டன். நீ நாளைக்கு வெளியால வராத. வாயத் திறக்காத. கொஞ்சம் பொறுமையா இரு புள்ள."

இராசாத்தி கையிலிருந்த சுளகை நிலத்தில் அடித்தாள். அரிசி முற்றமெங்கும் சிதறியது. அண்ணன் குனிந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கினான். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இந்தக் கோழைதான் ஏழு வருடம் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டான். இவனுடைய பயத்தால்தான் அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் ஒரு மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

மறுநாள் சனிக்கிழமை. வெயில் ஏறமுதல் முகாமிலிருந்து ஒரு கெப்டனும் நாலு சிப்பாய்களும் வந்தார்கள். ஊரார் சிலரையும் கயிறு பிடிக்கக் கூட்டிவந்திருந்தார்கள். அப்துல் கபூர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கோடாலியின் பின்புறப் பிடங்கால் தட்டினார். ஐம்பது வயதிருக்கும். பெரிய இழுவை வாளின் மற்றப் பிடியைப் பிடித்துக்கொண்டு அவருடைய தம்பி முனாப் நின்றான். அவனுக்கு ஒரு கண் வெள்ளைப் பூப் போல இருந்தது.

வாவிப் பக்கம் வந்ததும் கபூரின் கை நின்றது. மூன்று புடைப்புகளையும் விரலால் தடவினார்.

"இதென்ன கனகசிங்கம்?"

"அது சும்மா மரத்திட கணு, கபூர் காக்கா."

"வளவு யாருட?"

"என்ட தங்கச்சிட."

"அப்ப அவட வாயால கேட்கணும்," என்றார் கபூர். "வளவுக்காரர் சொல்லாம நான் வாள் வெக்கிறல்ல. போன மாரி கரடியனாற்றுப் பக்கம் ஒரு மரம். இரும்பில்லையெண்டு எவனோ ஒருத்தன் சொன்னான். உள்ள ஷெல் துண்டு கிடந்திருக்கு. வாள் தெறிச்சு இவன்ட கண் போச்சு. மற்றக் கண்ணுக்கு யார் பொறுப்பு?"

கெப்டன் என்னவோ சிங்களத்தில் கேட்டான். கபூர் சிங்களத்திலேயே மறுமொழி சொன்னார். கெப்டன் எரிச்சலோடு கையை அசைத்தான். கேட்டுத் தொலை என்பதுபோல இருந்தது.

இராசாத்தியைக் கூப்பிட ஆள் போக வேண்டியிருக்கவில்லை. அவள் பிள்ளையைக் கையில் பிடித்தபடி வேலியருகே நின்றுதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் வந்தாள்.

"புள்ள, உள்ளத உள்ளபடி சொல்லணும்," என்றார் கபூர். "இந்த மரத்துக்குள்ள ஆணி கீணி, இரும்பு கிரும்பு கிடக்கா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். கனகசிங்கத்தின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. கயிறு பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நல்லரத்தினத்தின் காலையும் தலையையும் தூக்கியவர்கள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று இராசாத்திக்கு நன்றாகத் தெரியும். முகாம் அதே முகாம். ஆட்கள் மாறியிருக்கலாம், தோளில் தொங்கிய துவக்குகள் மாறவில்லை. இன்றிரவே வீட்டுக்கு வருவார்கள். அவளில்லாவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?

முனாப் வாள்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிஞ்சியிருந்த ஒரு கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடக்கு," என்றாள் இராசாத்தி.

"என்ன கிடக்கு?"

"வெடி. துவக்கு வெடி மூண்டு கிடக்கு. தொண்ணூறாம் ஆண்டு என்ட புருசனை இதில சாத்தி வெச்சுச் சுட்டவங்க. அவரைத் துளைச்சுக்கொண்டு போனது இதுக்குள்ள கிடக்கு. நீங்க கை வெச்சிருக்கிற இடம் அவர்ட நெஞ்சு, காக்கா."

கபூர் கையைச் சட்டென்று எடுத்தார்.

"விசர்!" என்று கத்திக்கொண்டு கனகசிங்கம் ஓடிவந்தான். "அவளுக்குத் தலைக்குச் சரியில்ல காக்கா. மச்சான் கட்டார்ல இரிக்கார். பாருங்க, நெத்தியில பொட்டிரிக்கு. புருசன் செத்தவள் பொட்டு வெப்பாளா?"

இராசாத்தி புறங்கையால் நெற்றியை ஒரு இழுப்பு இழுத்தாள். குங்குமம் நெற்றி முழுவதும் பரவிக் கன்னம்வரை இழுபட்டது. கயிறு பிடித்திருந்த ஒருவர் "ஐயோ" என்றார். கனகசிங்கத்தின் வாய் திறந்தபடியே நின்றது. அவன் கட்டிக் காத்த கட்டார், ஏழு வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்க அழிந்துபோனது.

கெப்டன் என்ன நடக்கிறது என்று கேட்டான். கபூர் தயங்கினார்.

"சொல்லுங்க காக்கா," என்றாள் இராசாத்தி. "நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒண்டையும் குறைக்காதீங்க."

"எங்கட ஊருக்குள்ளயும் அந்த வருசம்தான் துவக்கோட வந்தாங்க புள்ள," என்றார் கபூர் மெல்ல. "என்ட மூத்த மகள். எனக்கு விளங்கும்."

அங்கே முஸ்லிம்களைச் சுடத் துவக்கோடு வந்தவர்கள் தமிழர்கள். அதை அவர் சொல்லவில்லை. எல்லாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்த இராசாத்திக்கு, அவர் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

கபூர் கெப்டனிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார். மரத்தைக் காட்டினார், நெஞ்சைக் காட்டினார், அவளைக் காட்டினார். குறைக்காமல்தான் சொன்னார் என்பது சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் தெரிந்தது. இராசாத்தி பிள்ளையைத் தன்னோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். இனி எது வந்தாலும் வரட்டும்.

கெப்டன் மரத்தை ஒருதரம் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு வசனம் பேசிவிட்டு நிழலுக்குப் போய் சிகரெட் பற்ற வைத்தான்.

"என்ன சொல்லுறான்?"

"இரும்பில்லாத இடமாப் பார்த்து மேலால தறிக்கட்டாம்," என்றார் கபூர். "தனக்கு வாவி தெரிஞ்சாப் போதுமாம்."

அவ்வளவுதான். யார் சுட்டது என்று கேட்கவில்லை. செத்தவனுடைய பெயர் என்ன என்று கேட்கவில்லை. அவள் ஏழு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறைத்த சாவு, அவனுக்கு வாளை எங்கே வைப்பது என்கிற வேலையாகப் போயிற்று. அவன் அடித்திருந்தால்கூட இராசாத்திக்கு இவ்வளவு எரிந்திருக்காது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். யாருக்கும் எறியவில்லை. விரலிடுக்கால் உதிர்ந்து முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

கபூரும் முனாப்பும் கம்புகளால் சாரம் கட்டி ஏறி, ஆளுயரத்துக்கும் நல்ல மேலே வாளை வைத்தார்கள். மத்தியானம் தாண்டியபோது இலுப்பை வாவிப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. தண்ணீர் கரையேறி வந்து எல்லாருடைய கால்களையும் நனைத்துவிட்டுத் திரும்பியது. அக்கரை பளிச்சென்று தெரிந்தது. கெப்டன் திருப்தியோடு போனான். ஊராரும் கலைந்தார்கள். கனகசிங்கம் மட்டும் விழுந்த கொப்புகளுக்கு நடுவே குந்தி, தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

"நீங்க ஆணியெண்டு சொன்னீங்க," என்றாள் தவமலர்.

"ஓம். பொய் சொன்னன்."

"கட்டார்?"

"அதுவும் பொய்."

பிள்ளை அழுவாள் என்று இராசாத்தி நினைத்தாள். அவள் அழவில்லை. மொட்டையாக நின்ற அடிமரத்தின் அருகே போய், அதில் முதுகைச் சாய்த்து நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"மரம் அடியில உசராதெண்டு சொன்னீங்களே. அது உண்மையா?"

"அது உண்மை."

"அப்ப அப்பாட நெஞ்சு அந்த உசரம்தானா?"

இராசாத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் இருத்தினாள். தவமலர் மூன்று புடைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு அதற்கு மேலே கையை வைத்து, கழுத்து இவ்வளவு, தலை இவ்வளவு என்று அளந்துபார்த்தாள். தகப்பனின் ஒரு படம்கூட வீட்டில் இல்லை. கனகசிங்கம் எல்லாவற்றையும் எரித்திருந்தான்.

"இது செத்துருமா அம்மா?"

"தோல் இரிக்கிற மட்டும் சாகாது. கீழால துளிர்க்கும்."

அன்றிரவு யாரும் வரவில்லை. அடுத்த இரவும் வரவில்லை. வராததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கனகசிங்கம் கோயிலுக்குக் கூப்பிட்டான். அவள் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் பொட்டில்லாத நெற்றியோடு இராசாத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கனகசிங்கம் பின்னால் வந்து, குனிந்து மருமகளிடம் கெஞ்சினான். "கேட்டா வழமையாச் சொல்லுறதச் சொல்லு மகள். கட்டார்ல எண்டு சொல்லு." பிள்ளை தாயோடு முன்னால் நடந்தாள்.

தடையில் அதே சிப்பாய் நின்றான். அதே சிரிப்பு. "பாப்பா, அப்பா எங்க?"

தவமலர் நின்றாள்.

"எங்கட வளவுக்குள்ள," என்றாள். "மரத்தில சாத்தி வெச்சுச் சுட்டுப்போட்டாங்க. அப்பா இவ்வளவு உசரம்." ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டினாள். அது போதாமல் குதிகாலை எக்கி, இன்னும் உயர்த்திக் காட்டினாள்.

சிப்பாயின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பின்னால் கனகசிங்கம் என்னவோ முனகுவது கேட்டது. இராசாத்தி மகளின் மற்றக் கையைப் பிடித்திருந்தாள். அதை அவள் அழுத்தவில்லை.